கிளவுடில் உங்கள் பக்கத்து விஎம் யாருடையது? பகிர்ந்த சர்வரில் பாதுகாப்பாக இருக்க ஒரு செய்முறை

கிளவுடில் ஒரு விர்ச்சுவல் மெஷினை, அதாவது விஎம்மை, வாடகைக்கு எடுத்தால் தனிக் கணினியே கிடைத்த மாதிரி இருக்கும். தனி ஐபி, தனி டிஸ்க், ரூட் என்ற முழு அதிகாரமும் நம் கையில். ஆனால் அடியில் இருப்பது ஒரே இரும்புப் பெட்டி, அதாவது ஒரே சர்வர், அதில் நமக்கு முன்பின் தெரியாதவர்களின் விஎம்களும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கலாம். யார் வேண்டுமானாலும் பணம் கட்டி அந்தப் பெட்டிக்குள் வரலாம், நம் தரவைத் திருட நினைப்பவர் உட்பட. இதைப் புதிதாகக் கற்பவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டாத ஸ்டோரேஜ், நிரல்களைச் சேமிக்கும் கிட்டில் தவறி ஏற்றிய பாஸ்வேர்ட், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைப்பது, இவற்றால்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அவற்றை இன்னும் சரிசெய்யவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: எதையெல்லாம் பகிர்கிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள்

விஎம்களைப் பிரித்து வைப்பது ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். சென், கேவிஎம் போன்றவை இந்த வகை. ராம், டிஸ்க் இரண்டையும் அது நன்றாகவே பிரித்துவிடுகிறது. ஆனால் சிபியுவின் உள்ளே கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகம் இருக்கிறது. அது, குறிப்பாகக் கடைசி நிலைக் கேஷ், சிபியுவின் தனித்தனிச் செயல் அலகுகளான பல கோர்களுக்கும் பொதுவானது. ராமுக்குத் தரவு போய்வரும் பாதையான மெமரி பஸ்ஸும் பொது, நெட்வொர்க் கார்டும் பொது. ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் ஒரே கோரில் இரண்டு த்ரெட்கள், அதாவது இரண்டு வேலைகள், ஒரே நேரத்தில் ஓடும்.

ஹைப்பர்வைசர் பக்கத்திலேயே ஓட்டை இருந்தால் கதை இன்னும் மோசம். 2015-இல் வெளிவந்த வெனம் என்ற குறை, விஎம்முக்கு வன்பொருள் இருப்பது போலக் காட்டும் கியூஎமு என்ற மென்பொருளின் ஃப்ளாப்பி டிரைவ் பகுதியில் இருந்தது. இன்று யாரும் தொடாத ஃப்ளாப்பிக்கான குறிமுறை வழியாக விஎம்மிலிருந்து வெளியே வந்து ஹோஸ்ட்டையே, அதாவது அடியில் இருக்கும் சர்வரையே, பிடிக்க வாய்ப்பு இருந்தது. அந்தக் குறை அங்கே 2004-இலிருந்தே இருந்திருக்கிறது.

படி 2: தாக்குதல் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இது புரிந்தால்தான் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் எதற்கு என்று தெரியும்.

தாக்குபவருக்கு முதல் வேலை உங்கள் பெட்டிக்குள்ளேயே இடம் பிடிப்பது. 2009-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் சான் டியாகோவையும் எம்ஐடியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அமேசானின் விஎம் வாடகைச் சேவையான ஈசி2-இல் இதைச் செய்து காட்டினார்கள். சில டாலர் செலவில் நிறைய விஎம்களை ஏற்றி, குறிவைத்த ஒருவரின் விஎம் இருக்கும் அதே சர்வரில் போய் உட்கார 40 சதவீத வாய்ப்பு இருந்தது. அதன் பிறகு கிளவுட் நிறுவனங்கள் எவ்வளவோ மாற்றிவிட்டன, ஆனாலும் 2015 வாக்கில் வேறு ஆய்வாளர்கள் இது இன்னமும் முடியும் என்று காட்டினார்கள்.

இடம் பிடித்தாயிற்று, அப்புறம்? உங்கள் நினைவகத்தை அவரால் நேராகப் படிக்க முடியாது. அதனால் நேரத்தை அளக்கிறார். கேஷ் முழுவதையும் தன் தரவால் நிரப்பிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறார், அந்த இடைவெளியில் உங்கள் நிரல் ஓடுகிறது, ஓடும்போது கேஷின் சில இடங்களில் இருந்த அவருடைய தரவைத் தள்ளிவிட்டுத் தன் தரவை வைக்கிறது. அவர் திரும்பி வந்து தன் தரவை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். கேஷிலேயே இருப்பது சட்டென்று வரும், வெளியே தள்ளப்பட்டது ராமிலிருந்து வர வேண்டும் என்பதால் அதிக நேரம் பிடிக்கும். எது தாமதமாக வந்தது என்று பார்த்தால் நீங்கள் எந்த இடத்தைத் தொட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

இது தெரிந்து என்ன பயன் என்று தோன்றலாம். ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறைக்குப் பழைய பாணியில் எழுதிய நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரகசிய விசையின் பிட் 0 என்றால் வர்க்கம் மட்டும் போடும், 1 என்றால் வர்க்கத்தோடு ஒரு பெருக்கலும் சேரும். பெருக்கல் குறிமுறை இருக்கும் கேஷ் இடம் தொடப்பட்டதா இல்லையா என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துக்கொண்டே போனால் விசை பிட் பிட்டாக வெளியே வந்துவிடும். சுவருக்கும் காது உண்டு என்பது இங்கே அப்படியே உண்மை.

2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் இரண்டும் இதே நேர அளவை இன்னும் ஆபத்தான இடத்துக்குக் கொண்டுபோயின. சிபியு வேகத்துக்காக ஊகித்து முன்கூட்டியே செய்யும் வேலை, பிறகு ரத்தானாலும் கேஷில் தடயம் விட்டுப் போகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ, 2019-இல் ஸோம்பிலோட், 2023-இல் டவுன்ஃபால், 2025-இல் விஎம்ஸ்கேப் என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. இது தீர்ந்துபோன பழைய பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 3: உங்கள் விஎம்மைச் சோதியுங்கள்

லினக்ஸில் உள்நுழைந்து டாப் கட்டளையை ஓட்டுங்கள். சிபியு வரியின் கடைசியில் எஸ்டி என்று ஓர் எண் இருக்கும். நீங்கள் சிபியு கேட்டும் ஹைப்பர்வைசர் கொடுக்காத நேரத்தின் பங்கு அது. தொடர்ந்து அதிகமாக இருந்தால் உங்கள் சிபியுவுக்குப் போட்டி இருக்கிறது என்று பொருள். ஆனால் மலிவான பர்ஸ்ட் வகை விஎம்களில் உங்கள் சொந்த ஒதுக்கீடு தீர்ந்துபோனாலும் இந்த எண் ஏறும், அதனால் உடனே பதற வேண்டாம். எண் 0 என்பதாலேயே பெட்டியில் வேறு யாரும் இல்லை என்றும் ஆகிவிடாது.

அடுத்து எல்எஸ்சிபியு கட்டளை. கடைசியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று ஒவ்வொரு குறையின் பெயரும், நேரே அதன் நிலையும் வரும். மிட்டிகேஷன் என்று இருந்தால் தடுப்பு இயங்குகிறது. வல்னரபிள் என்று மட்டும் இருந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பிக்க வேண்டும். சிலவற்றில் 'எஸ்எம்டி ஹோஸ்ட் ஸ்டேட் அன்னோன்' என்று வரும். ஹோஸ்ட்டில் ஹைப்பர்த்ரெடிங் (எஸ்எம்டி) எப்படி இருக்கிறது என்பது விஎம்முக்குள்ளிருந்து தெரியாது என்பதைத்தான் அது நேர்மையாகச் சொல்கிறது. அந்த இடத்தில் கிளவுட் நிறுவனத்தின் ஆவணத்தில் தேடுங்கள்: ஒரே கோரை ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பார்களா? பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 4: ரகசியங்களை விஎம்மை விட்டு வெளியே எடுங்கள்

என்னைக் கேட்டால் இந்தச் செய்முறையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நீண்ட காலம் வாழும் விசை எதுவும் பகிர்ந்த பெட்டியின் நினைவகத்தில் இருக்கக்கூடாது. கையொப்பமிடும் விசைகளைக் கிளவுடின் விசை மேலாண்மைச் சேவையில் வையுங்கள். நிரல் அந்தச் சேவையிடம் கையொப்பம் போட்டுத் தரச் சொல்லும், விசை அங்கேயே இருக்கும். தரவுத்தளப் பாஸ்வேர்டுக்குப் பதில் சில மணி நேரத்தில் காலாவதியாகும் டோக்கன் போதும். டிஸ்க் குறியாக்கத்தையும் இயக்கிவிடுங்கள், நாளைக்கு அந்த டிஸ்க் இடம் வேறொருவருக்குப் போகும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற குறியாக்க நூலகங்களைப் புதிதாக வைத்திருப்பதும் இதில் சேர்த்திதான். விசையின் பிட் எதுவாக இருந்தாலும் ஒரே நேரம் எடுக்கும்படி இவற்றை மாற்றி எழுதி வந்திருக்கிறார்கள், படி 2-இல் பார்த்த கசிவுக்கு நேரான மருந்து அதுதான்.

படி 5: தனி இரும்பு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

வலைப்பதிவுக்கோ சோதனைத் தளத்துக்கோ வேண்டவே வேண்டாம், காசு வீண். நோயாளிகளின் விவரம், பணப் பரிமாற்றம், பிறர் உங்களை நம்பிக் கொடுத்த விசைகள், இவை இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் டெடிகேட்டட் இன்ஸ்டன்ஸ், டெடிகேட்டட் ஹோஸ்ட் என்று இரண்டு உண்டு. இரண்டிலும் பெட்டி உங்கள் கணக்குக்கு மட்டும், டெடிகேட்டட் ஹோஸ்ட்டில் எந்த விஎம் எந்தப் பெட்டியில் என்பதும் உங்கள் கட்டுப்பாட்டில் வரும். மைக்ரோசாஃப்டின் அஸூரிலும் டெடிகேட்டட் ஹோஸ்ட் இருக்கிறது, கூகுள் கிளவுடில் அதன் பெயர் சோல் டெனன்ட் நோட். விஎம்மை உருவாக்கும் பக்கத்திலேயே டெனன்சி என்ற தேர்வைத் தேடுங்கள், முதலிலேயே தேர்ந்தெடுப்பதுதான் எளிது.

கான்ஃபிடென்ஷியல் விஎம் என்று இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஏஎம்டியின் எஸ்இவி எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் இரண்டும் விஎம்மின் நினைவகத்தை வன்பொருளிலேயே குறியாக்கம் செய்துவிடும், ஹைப்பர்வைசராலேயே படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் கேஷ் நேரத்தை அளக்கும் தாக்குதலை இது முழுமையாகத் தடுப்பதில்லை, அதனால் படி 4-ஐ விட்டுவிட இது காரணமாகாது.

படி 6: கண்டெய்னர் என்றால் இன்னும் கவனம்

ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னர்கள் பகிர்வது பெட்டியை மட்டுமல்ல, லினக்ஸ் கெர்னலையே. 2019 பிப்ரவரியில் கண்டெய்னர்களை ஓட்டும் ரன்சி என்ற கருவியில் வெளிவந்த குறை, கண்டெய்னருக்குள் இருப்பவர் ஹோஸ்ட்டில் ரூட் ஆக வழிவிட்டது. பிறர் எழுதிய நிரலை நீங்கள் ஓட்டிக்கொடுக்கிறீர்கள் என்றால் ஃபயர்கிராக்கர் மாதிரி சிறு விஎம்முக்குள் போட்டு ஓட்டுங்கள், அல்லது கண்டெய்னருக்கும் கெர்னலுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் ஜிவைசர் பயன்படுத்துங்கள்.

படி 7: புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்

கெர்னல் புதுப்பிப்பை நிறுவிவிட்டு மாதக்கணக்கில் ரீபூட் செய்யாமல் இருப்பவர்கள் நிறைய பேர். ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் லைவ் பேட்ச் வசதி இல்லையென்றால் அதுவரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, விஎம்மை முழுதாக நிறுத்தி மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் வேறு ஹோஸ்ட்டுக்குப் போய்விடும், சிபியு மாடல்கூட மாறலாம். அதனால் ஒவ்வொரு முறை தொடங்கிய பிறகும் எல்எஸ்சிபியுவை ஓட்டி, வந்ததை ஒரு கோப்பில் தேதியோடு சேமித்து, போன முறை வந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.