ஓரியன்டியரிங்கில் தொடாமல் பஞ்ச்: மாறுகிற கிளப் ஸ்டார்ட்டைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்

ஓட்டக்காரர் குறித்த இடத்துக்கு வந்ததைக் கார்டைப் பெட்டிக்குள் நுழைக்காமலே பதிவு செய்யும், அதாவது தொடாமல் பஞ்ச் செய்யும் முறைக்கு மாறலாமா என்று ஒரு கிளப் கூட்டம் போட்டால், பேச்சு முழுக்க கார்டு விலையிலும் காட்டில் வைக்கும் பெட்டியிலுமே ஓடிவிடும். போட்டி நாளில் சிக்கல் பெரும்பாலும் அங்கே வராது, ஸ்டார்ட் பக்கத்தில் வைத்திருக்கும் இரண்டு மூன்று பெட்டிகளிலும் அவற்றுக்கு யாரைக் காவல் வைக்கிறோம் என்பதிலும்தான் வரும். பிரிட்டன் கிளப்கள் பலவும் பயன்படுத்துகிற ஸ்போர்ட்ஐடென்ட் ஏர் பிளஸ் முறையை வைத்தே இதை விளக்குகிறேன். ஸ்போர்ட்ஐடென்ட், ஜெர்மனியில் துரிங்கியா மாநிலத்து ஆர்ன்ஸ்டாட் ஊரில் இருக்கிற நிறுவனம்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு மட்டும்: கையில் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, காட்டிலோ ஊருக்குள்ளோ ஆரஞ்சும் வெள்ளையுமான கொடி தொங்கும் கண்ட்ரோல்களை வரிசை மாறாமல் தேடிப் போய் வர வேண்டும், வழியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். கண்ட்ரோலுக்குப் போனதற்குச் சாட்சி வேண்டுமே, அதற்கு முன்பெல்லாம் ஊசி வைத்த பஞ்சால் அட்டையில் ஓட்டை போட்டார்கள். பிறகு விரலில் மாட்டும் சிப் வந்தது. பெட்டியின் துளைக்குள் அதை நுழைத்தால் பெட்டி ஒரு பீப் அடித்து, கண்ட்ரோல் எண்ணையும் நேரத்தையும் சிப்பில் எழுதும், கூடவே அந்தச் சிப்பின் எண்ணைத் தன் நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

ஏர் பிளஸ்ஸில் இது தலைகீழ். சியாக் என்று கூப்பிடுகிற கார்டுக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. பெட்டி கலங்கரை விளக்கம் மாதிரி தன் எண்ணையும் நேரத்தையும் சுற்றிலும் சும்மா அனுப்பிக்கொண்டே இருக்கும், சுமார் அரை மீட்டருக்குள் வரும் சியாக் அதைப் பிடித்துத் தனக்குள் எழுதிக்கொண்டு தானே மினுக்கி, தானே பீப் அடிக்கும். யார் கடந்து போனார் என்பது பெட்டிக்குத் தெரியவே தெரியாது. கீழே சொல்லப்போகிற எல்லாத் தலைவலிக்கும் வேர் இதுதான், அதனால் இதை மட்டும் குழுவில் எல்லோருக்கும் புரிய வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன விசாரணை. உங்கள் வட்டாரத்து ஓட்டக்காரர்கள் கையில் ஏற்கனவே எந்தக் கார்டு இருக்கிறது? நார்வேயின் எமிட் நிறுவனத்திடமும் தொடாமல் பஞ்ச் செய்யும் எமிடேக் இருக்கிறது, நல்ல சாதனம்தான், ஆனால் இந்த முறையின் கார்டு அந்த முறையின் பெட்டியில் வேலை செய்யாது. பக்கத்துக் கிளப் எதை வைத்திருக்கிறதோ அதையே வாங்கினால் பெரிய போட்டிக்குப் பெட்டி இரவல் கிடைக்கும், வருகிறவர்களும் சொந்தக் கார்டோடு வருவார்கள். கையில் இருக்கும் பழைய பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். பெட்டிகளை அமைக்கும் கான்ஃபிக் பிளஸ் மென்பொருளில் ஒவ்வொன்றாக இணைத்து, பெட்டி தானே எண்ணையும் நேரத்தையும் அனுப்பிக்கொண்டிருக்கும் பீக்கன் முறையை அது ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏற்றால் செலவு நன்றாகக் குறைந்துவிடும். பீக்கன் முறையில் இருக்கும் பெட்டி பழைய சிப்பையும் துளை வழியாக வாங்கிக்கொள்ளும், ஆகவே ஒரே நாளில் எல்லோரும் மாற வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே பிரிவில் பாதிப் பேர் சியாக்கோடும் பாதிப் பேர் பழைய சிப்போடும் ஓடினால் கண்ட்ரோலுக்கு ஓரிரு விநாடி வித்தியாசம் வரத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமைக் கிளப் ஓட்டத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள், பட்டத்துக்கான ஓட்டம் என்றால் அந்தப் பிரிவு முழுமைக்கும் சியாக் கொடுத்துவிடுவதுதான் நியாயம்.

பெட்டிகளைத் தயார் செய்வது முந்தின நாள் வேலை. மற்றப் பெட்டிகளை அமைக்க உதவும் மாஸ்டர் பெட்டியை வைத்து எல்லாப் பெட்டியிலும் நேரத்தை ஒன்றாக்குங்கள், எண் சரியா, பீக்கன் முறை போட்டாயிற்றா, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பீக்கன் முறை பேட்டரியைக் கூடுதலாகத் தின்னும். பெட்டி விழித்திருக்கும் நேரத்தை, கடைசி ஆள் திரும்பிவர எவ்வளவு ஆகுமோ அதையும் தாண்டிக் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பழைய பழக்கம் காலை வாரும். தொட்டுப் பஞ்ச் செய்யும் முறையில் தூங்குகிற பெட்டியை முதலில் வருகிற ஓட்டக்காரரின் சிப்பே எழுப்பிவிடும், நாம் கவலைப்பட்டதே இல்லை. ஏர் பிளஸ்ஸில் தூங்கும் பெட்டி எதையும் அனுப்பாது, சியாக் பக்கத்தில் வந்தாலும் எழாது. யாராவது காலையில் எல்லாக் கண்ட்ரோலுக்கும் போய் ஒரு சிப்பைத் துளையில் நுழைத்து எழுப்பிவிட்டு வர வேண்டும். கொடி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க எப்படியும் ஒருவர் போவார், அவர் கையில் ஒரு சிப்பைக் கொடுத்துவிட்டால் போதும். ஆனால் அவர் போய்வரும் நேரத்தில் இருந்துதான் விழித்திருக்கும் கணக்கு ஓட ஆரம்பிக்கும், விடிகாலையிலேயே எழுப்பிவிட்டு மதியம் ஓட்டம் வைத்தால் பாதியில் பெட்டி மறுபடி தூங்கப் போய்விடும்.

கண்ட்ரோல் வைக்கும் இடத்தையும் கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டும். கம்பி வேலி, மெல்லிய மதில், அடர்ந்த புதர் வரிசை ஆகியவற்றுக்கு இந்தப் பக்கம் பெட்டி வைத்தால் அந்தப் பக்கம் நின்று கையை நீட்டியே பஞ்ச் வாங்கிவிட முடியும். ஊருக்குள் நடக்கும் ஸ்பிரின்ட் ஓட்டத்தில், வேலியைச் சுற்றிப் போகும் வழியைக் கண்டுபிடிப்பதுதான் இரண்டு கண்ட்ரோல்களுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பகுதியின் சவாலே என்றால், மொத்தமும் வீணாகிவிடும். பெட்டியை வேலியில் இருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். ஃபினிஷ் பெட்டியில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது: ஃபினிஷைக் கடந்ததும் சியாக்கின் தொடாத முறை அணைந்துவிடும். பார்வையாளர்கள் கைதட்ட வசதியாக இருக்கட்டும் என்று ஓட்டத்தின் நடுவில் மைதானம் வழியாக வழி போட்டிருந்தால், அந்த வழி ஃபினிஷை உரசிக்கொண்டு போகக் கூடாது. உரசினால் அடுத்த கண்ட்ரோலில் கார்டு மௌனமாக இருக்கும், பாவம் அந்த ஓட்டக்காரருக்குக் காரணமும் புரியாது.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் ரிலேயில் முதல் கண்ட்ரோலில் பெட்டி முன் வரிசை கட்டி முட்டிமோதிக்கொள்வது அடியோடு போய்விடும், ஒரே பெட்டி எத்தனை பேரையும் சமாளிக்கும். சைக்கிள் ஓரியன்டியரிங்கில் இறங்காமலே போகலாம், பனிச்சறுக்கு ஓரியன்டியரிங்கில் கையுறையும் கோலுமாக இருப்பவர்கள் துளையைத் தேடிக் குனிய வேண்டாம். பணம் குறைவாக இருந்து எதில் முதலில் மாறலாம் என்று கேட்டால், என் ஓட்டு சைக்கிளுக்குத்தான்.

இனி ஸ்டார்ட். பதிவு மேசையிலேயே சியாக் பேட்டரி சோதனைப் பெட்டியை வைத்துவிடுங்கள். பேட்டரி போன சியாக் கெட்டுப்போனதில்லை, சாதாரண சிப் மாதிரி துளையில் நுழைத்தால் வேலை செய்யும், ஆனால் அது ஓட்டத்துக்கு முன்னால் தெரிய வேண்டும். பிறகு கிளியர் பெட்டி, அதற்குப் பிறகு செக் பெட்டி. இரண்டிலும் கார்டைத் துளைக்குள் நுழைத்தே ஆக வேண்டும், பக்கத்தில் காட்டினால் ஒன்றும் நடக்காது. கிளியர் பழைய பதிவுகளை அழிக்கிறது. செக், அழிந்ததா என்று பார்ப்பதோடு சியாக்கின் தொடாத முறையை ஆன் செய்வதும் அதுதான். செக்கில் கார்டை நுழைக்காமல் போய்விட்டவர் காட்டில் எந்தக் கண்ட்ரோலிலும் ஒளியையோ பீப்பையோ பார்க்கப் போவதில்லை. அதனால் செக் பெட்டியை மேசையில் போட்டுவிட்டு நகராதீர்கள், ஒரு ஆளை நிறுத்துங்கள், அதுவும் கறாரான ஆளாக. அதை அடுத்து சியாக் டெஸ்ட் பெட்டி ஒன்று, அதன் மேல் கையைக் காட்டினால் மினுக்க வேண்டும், மினுக்காவிட்டால் மறுபடி செக்குக்கு அனுப்புங்கள். ஸ்டார்ட் பஞ்ச் வைத்துக் கிளம்பும் போட்டியா? ஸ்டார்ட் பெட்டியைப் பீக்கனில் போடாதீர்கள், பக்கத்தில் நின்று நண்பரோடு பேசிக்கொண்டிருப்பவருக்கெல்லாம் நேரம் ஓட ஆரம்பிக்கும்.

செக்கில் ஆள் நிற்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். ஒருவர் திரும்பி வரவில்லை, இருட்டப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் கண்ட்ரோல் பெட்டிகளைக் கொண்டுவந்து நினைவைப் படித்தால் அவர் எதுவரை போனார் என்று தெரிந்துவிடும், தேடும் இடம் சுருங்கிவிடும். ஏர் பிளஸ்ஸில் அந்தப் பதிவு இல்லை. தொட்டுப் பஞ்ச் செய்த செக் பெட்டியில் மட்டும் யார் யார் கிளம்பினார்கள் என்ற பட்டியல் இருக்கும். ஆகவே கடைசி ஆள் கிளம்பியதும் செக் பெட்டியை உடனே, கார்டுகளின் பதிவைக் கணினியில் படிக்கும் டவுன்லோடு கூடாரத்துக்கு அனுப்பி, அந்தப் பட்டியலை வந்து சேர்ந்தவர்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பாதியில் விட்டவர்களும் கட்டாயம் டவுன்லோடு செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஓட்டத்தின் நடுவிலேயே யார் எதுவரை வந்தார் என்று தெரிய வேண்டும் என்றால், ஒன்றிரண்டு கண்ட்ரோல்களில் சியாக் அனுப்பும் குறுந்தூர ரேடியோவைப் பிடிக்கும் கருவியையும் வைக்கலாம்.

ஓட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பீப் கேட்டது என்று நம்பிப் போகாதே, அது பக்கத்தில் ஓடுகிறவர் கார்டாக இருக்கலாம், உன் கார்டு மினுக்குகிறதா என்று பார். மினுக்கவில்லையா, கார்டைத் துளையில் நுழைத்துப் பார். அதுவும் ஆகவில்லையா, கண்ட்ரோலில் தொங்கும் ஊசிப் பஞ்சால் வரைபடத்தில் குத்திக்கொண்டு வா. பஞ்ச் பதிவானதா என்று பார்த்துக்கொள்வது ஓடுகிறவர் பொறுப்பு, டவுன்லோடு மேசையில் சண்டை போட்டுப் பயனில்லை.

ஃபினிஷில் அரை மீட்டர் எல்லையை மறக்காதீர்கள், பாதையைக் குறுக்கி இரண்டு பக்கமும் பெட்டி வையுங்கள், அகலமாக வேண்டும் என்றால் பெரிய ஆன்டெனா உள்ள பெட்டி வாங்க வேண்டும். ரிலேயிலும் ஒன்றாகக் கிளம்பும் ஓட்டத்திலும் யார் முந்தினார் என்பதைக் கோட்டைத் தாண்டிய வரிசையை வைத்து நடுவர்தான் சொல்ல வேண்டும், கார்டு எந்தக் கணத்தில் அலையைப் பிடித்தது என்பது கையை எங்கே வீசினார் என்பதைப் பொறுத்தது. கோட்டில் ஒரு ஆள், ஒரு வீடியோ கேமரா போதும்.

டவுன்லோடு வழக்கம்போலத்தான், முடிவுகளைக் கணக்கிடும் மென்பொருள் மியோஸ், எஸ்ஐ டைமிங் எதுவானாலும் பெரிய மாற்றம் இல்லை. பக்கத்திலேயே சியாக் ஆஃப் பெட்டி ஒன்று வையுங்கள், ஃபினிஷ் வழியாக வராதவர்களின் கார்டு இன்னும் ஆன் ஆகவே இருக்கும், அப்படியே பையில் போனால் பேட்டரி வீணாகும். வாடகைக் கார்டுகளை எண்ணி வாங்குங்கள், சாதாரண சிப்பைவிட விலை அதிகம். காட்டில் இருந்து எடுத்து வரும் பெட்டிகளையும், பெட்டியை அணைப்பதற்கென்றே இருக்கும் ஆஃப் கார்டை வைத்து அணைத்த பிறகே பெட்டகத்தில் அடுக்குங்கள்.