ஸ்டேட்டஸ் பார்த்தால் நலம் விசாரித்தது ஆகுமா? சமூக ஊடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளில் ஒருவராவது வெளியே இருப்பார். வளைகுடாவில் வேலை, இல்லையென்றால் ஆழ்கடலில் தொழில். இப்படிப்பட்ட குடும்பங்களிடம் போய் "போனை ஓரமாக வையுங்கள், உறவு சரியாகிவிடும்" என்று அறிவுரை சொல்வதுதான் முதல் தவறு. மார்த்தாண்டத்தில் இருக்கும் மனைவியும் துபாயில் இருக்கும் கணவனும் குடும்பம் நடத்துவதே அந்தப் போனில்தான். அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் கோளாறு வருகிறது.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, ஸ்டேட்டஸ் பார்த்ததையே பேசியதாக எடுத்துக்கொள்வது. வாட்ஸ்அப்பில் இப்போதிருக்கும் ஸ்டேட்டஸ் 2017-இல் வந்தது. 24 மணி நேரம் இருக்கும், யார் பார்த்தார்கள் என்றும் காட்டும். மனைவி ஊர்த் திருவிழாவைப் போடுகிறாள், அவன் பார்க்கிறான். அவன் விடுமுறை நாளில் ஒரு மாலில் நின்று எடுத்த படத்தைப் போடுகிறான், அவள் பார்க்கிறாள். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் அடுக்குக் கட்டில் அந்தப் படத்தில் வராது. இங்கே சீட்டுப் பணம் கட்ட முடியாமல் தவிப்பதும் வராது. இருவரும் நாள் தவறாமல் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரியாது. இதை நான் வெறும் சோம்பல் என்று நினைக்கவில்லை. தூரத்தில் இருப்பவரைக் கலங்க வைக்கக் கூடாது என்ற பாசமும் இதில் இருக்கிறது. ஆனாலும் இப்படி மறைத்து மறைத்து, இரண்டு வருடம் கழித்து லீவில் வரும்போது வீட்டுக்குள் புது ஆள் வந்த மாதிரி ஆகிவிடுகிறது.

அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு நீண்டகாலமாகத் தடை. அதனால் பலர் போட்டிம் மாதிரியான செயலிகளில் பேசுகிறார்கள், அல்லது வாய்ஸ் நோட் அனுப்புகிறார்கள். வாய்ஸ் நோட் நல்ல வழி. குரலில் களைப்பு தெரியும், சளி பிடித்திருப்பது தெரியும். அனுப்பும்போது பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். "சம்பளம் வந்துதா?", "முட்டுவலி குறைஞ்சுதா?" என்று ஒன்று போதும். "சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் பதில் வரும்.

கடலுக்குப் போகிறவர்களின் நிலை வேறு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதிப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கின்றன. கரையை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனதுமே செல்போன் சிக்னல் நின்றுவிடும். பிள்ளை அனுப்பியது ஒற்றை டிக்கோடு கிடக்கும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலின்போது கடலில் இருந்தவர்களின் தகவலுக்காக நாள்கணக்கில் கரையில் காத்திருந்த ஊர்கள் இவை. அங்கே ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர்வதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் படகு கரையை நெருங்கி சிக்னல் வந்ததும் முதலில் கொட்டுவது குரூப்புகளின் காலை வணக்கப் படங்களும் பார்வர்டுகளும்தான். "அப்பா, எப்ப வருவீங்க?" என்ற பிள்ளையின் குரல் எங்கோ அடியில் போய்விடுகிறது. வீட்டு எண்ணை மேலே வரும்படி பின் செய்து, குரூப்புகளை மியூட்டில் போடுங்கள். ஒரு நிமிட வேலை.

இறப்புச் செய்தி வந்ததும் குரூப்பில் கண்ணீர் அஞ்சலி போட்டுவிட்டு, பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு துட்டி கேட்கப் போகாமல் விடுவதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. இதற்கு விளக்கமே வேண்டாம். போய் வாருங்கள்.

அப்புறம், நாம் யார் என்பதைக் குரூப்புகள் தீர்மானிக்க விடுவது. இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். நிஜ வாழ்க்கையில் ஒருவர் ரப்பர் வெட்டுபவர், ஒரு பையனின் அப்பா, கால்பந்து ரசிகர், பக்கத்து வீட்டுக்காரரின் நண்பர். போனில் அவர் இருக்கும் குரூப்புகளோ பெரும்பாலும் சமுதாயம், ஆலயம், கட்சி. நாள் முழுவதும் அந்த ஒரு முகத்தையே தொட்டுக்கொண்டிருந்தால் மற்ற முகங்கள் மங்கிவிடும். 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. கோயில் கொடையிலோ, சிலுவை வைத்து வணங்கும் குருசடியிலோ ஏதோ நடந்தது என்று ஒரு வீடியோ வந்தால், இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கை மாறி வந்தது என்பதற்கு அடையாளம் அது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-இல் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு வைத்தது. அந்த ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம். அதில் சொல்லப்படும் ஊரில் தெரிந்தவர் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் வேறு மதத்துக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

இளையவர்கள் விஷயத்துக்கு வருவோம். மனிதன் தன்னை அடுத்தவரோடு ஒப்பிட்டே எடைபோடுகிறான் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இலேயே எழுதினார். அன்று ஒப்பிட ஒரு தெரு இருந்தது, இன்று உலகமே இருக்கிறது. திருவள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலத்தில் எடுத்த படத்துக்கு லைக் குறைந்தது என்று அழிக்கும் பிள்ளைக்கு, அந்த எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதி இன்ஸ்டாகிராமில் 2021-இலிருந்து இருப்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

மகளுக்கு இரண்டாவது கணக்கு இருப்பது தெரிந்ததும் வீட்டில் பூகம்பம் வருகிறது. ஆளுக்கு ஆள் நாம் வேறு முகம் காட்டுவது இயல்பு என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950களிலேயே விளக்கியிருக்கிறார். மாமா, கல்லூரித் தோழி, பெண் பார்க்க வரப்போகிறவர் எல்லோரும் ஒரே கணக்கைப் பார்த்தால், அவள் தோழிகளுக்கென்று தனி இடம் தேடத்தான் செய்வாள். அதை ஏமாற்று என்று அடித்துப் போனைப் பிடுங்கினால், நாளை எவனாவது அவள் படத்தை வைத்து மிரட்டும்போது வீட்டில் வாய் திறக்க மாட்டாள். "மக்களே, எதுனாலும் எங்கிட்ட சொல்லு" என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். அப்படி மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் சொல்லலாம்.