ஏ320-ஆ, 737-ஆ? விமானத்தை இனங்காண எங்கே பார்க்க வேண்டும்

விமானத்தைப் பார்த்ததும் கண் முதலில் போவது வண்ணத்துக்கும் இறக்கைநுனிக்கும்தான். பிழை தொடங்குவதும் அங்கேதான். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் ஏஐஎக்ஸ் கனெக்ட் (முன்பு ஏர்ஏசியா இந்தியா) அதனோடு இணைந்தது முதல், போயிங் 737, ஏர்பஸ் ஏ320 இரண்டுமே அந்த ஒரே பெயரில் பறக்கின்றன. அதனால் நிறுவனத்தின் பெயரை மறந்துவிட்டு உடலைப் பாருங்கள். எஞ்சின் எத்தனை, எங்கே இருக்கிறது. பிறகு வாலின் அடி, சக்கரம், மூக்கு, கதவுகள். இறக்கைநுனி கடைசியில்தான்.

இறக்கைக்கு அடியில் இரண்டு எஞ்சின் தொங்கும் ஒற்றை நடைவழி விமானம் என்றால், நம் ஊர் வானில் அது பெரும்பாலும் ஏ320 குடும்பம் (ஏ319, ஏ320, ஏ321) அல்லது 737. இந்த இரண்டையும் தயங்காமல் பிரிக்கக் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

வாலிலிருந்து தொடங்குங்கள். 737-இன் செங்குத்து வால் முதுகோடு சேரும் இடத்தில், முன்பக்கமாக ஒரு தாழ்ந்த சரிவு நீண்டு, பிறகு சட்டென்று முறிந்து மேலேறும். ஏ320-இல் அந்த முறிவு கிடையாது. முதுகிலிருந்து ஒரே நேர்கோடாக எழும். வெயிலுக்கு எதிரே வெறும் நிழலாகத் தெரியும்போதுகூட இந்த அடையாளம் ஏமாற்றாது.

தலைக்கு மேலே கடந்து போகிறதா? வயிற்றைப் பாருங்கள். 737-இன் பிரதான சக்கரங்களுக்கு முழு மூடுகதவு இல்லை. மடங்கிய பிறகும் சக்கரங்களின் வெளிமுகம் வயிற்றோடு சமமாக, இரண்டு கரிய வட்டங்களாகத் தெரியும். ஏ320-இல் கதவுகள் முழுக்க மூடிக்கொள்ளும்.

எஞ்சின் உறையின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. 1967-இல் முதலில் பறந்த 737, அந்தக் காலத்து ஒல்லி எஞ்சின்களுக்காகத் தரைக்கு நெருக்கமாக அமைக்கப்பட்டது. 1984-இல் பறந்த 737-300-க்கு அகன்ற எஞ்சின் பொருத்தியபோது அடியில் இடம் போதவில்லை. துணைக்கருவிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, உறையின் அடிப்பகுதியைத் தட்டையாக்கினார்கள். 737-800-ஐ நேர் முன்னாலிருந்து பார்த்தால் உறையின் வாய் முழு வட்டமாக இருக்காது. ஏ320-இல் அது நல்ல வட்டம். மூக்கும் உதவும். 737-க்குக் கூர் மூக்கு, விமானிகளின் பக்க ஜன்னலின் அடிக்கோடு கீழ்நோக்கி மடிந்து இறங்கும். ஏ320-க்கு உருண்டை மூக்கு, கடைசி ஜன்னலின் மேல்மூலை வெட்டியதுபோல் இருக்கும்.

அடுத்து, ஏ320 பழையதா, புதிய எஞ்சின் பொருத்திய நியோவா? இறக்கைநுனி சுறாத்துடுப்புபோல் நிமிர்ந்திருந்தால் நியோ என்று குறித்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. 2012-இன் இறுதியிலிருந்து பழைய எஞ்சின் கொண்ட ஏ320-களும் அதே நுனியோடு வந்தன; நியோ பயணிகளை ஏற்றத் தொடங்கியது 2016-இல். விடை எஞ்சினில் இருக்கிறது. பழைய சிஎஃப்எம்56 எஞ்சினின் விசிறி விட்டம் சுமார் 173 செ.மீ. நியோவின் லீப் எஞ்சினுக்கு 198 செ.மீ., பிராட் அண்ட் விட்னிக்கு 206 செ.மீ. நியோவின் எஞ்சின் உடலோடு ஒப்பிட்டாலே பருத்துத் தெரியும். பழைய ஏ320-இல் உறை பின்நுனிவரை ஒரே குழாயாக நீண்டிருந்தால் அது வி2500 என்ற இன்னொரு எஞ்சின். உறை பாதியில் முடிந்து உள்குழாய் வெளியே நீட்டியிருந்தால் சிஎஃப்எம்56.

737-இலும் இதே சிக்கல்தான். மேலும் கீழும் பிளந்த நுனியைப் பார்த்து, 737-இன் புதிய தலைமுறையான மேக்ஸ் என்று முடிவு கட்டாதீர்கள். 737-800-களிலும் பிளந்த நுனியைப் பின்னால் பொருத்தியிருக்கிறார்கள். எஞ்சின் உறையின் பின்விளிம்பு ரம்பப்பல்போல் இருந்தால் மட்டுமே மேக்ஸ்.

ஏ320 குடும்பத்தில் எது என்று அறிய, நீளத்தைக் கண்ணால் துல்லியமாக அளக்க முடியாது, கதவை எண்ணுங்கள். இறக்கைக்கு மேலே பக்கத்துக்கு ஓர் அவசர வழி என்றால் பெரும்பாலும் ஏ319. இரண்டு என்றால் ஏ320. சில நிறுவனங்கள் ஏ319-க்கும் இரண்டு வைத்து வாங்கியிருப்பதால் உடல் குட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்கைக்குப் பின்னால், வால் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு இருந்தால் அது ஏ321.

அகன்ற உடல் விமானங்கள் எளிது. 777-க்குப் பிரதான காலொன்றுக்கு ஆறு சக்கரம், வால்நுனி கத்திபோல் தட்டை. ஏ350-1000-க்கும் ஆறு சக்கரம் உண்டு. ஆனால் அதன் விமானி ஜன்னல்களைச் சுற்றிக் கறுப்பு முகமூடி இருக்கும், 777-க்கு இருக்காது. 787-க்கு முகப்பில் நான்கே பெரிய ஜன்னல்கள், எஞ்சின் உறையில் ரம்பப்பல், மேல்நோக்கி வளைந்து கூராக முடியும் இறக்கை. தரையிறங்க வரும்போது நான்கு சக்கரக் கால் சாய்ந்து தொங்குவதையும் கவனியுங்கள்: ஏ330-இல் பின்சக்கரங்கள் தாழ்ந்திருக்கும், 767-இல் முன்சக்கரங்கள்.

பழைய படங்களில் நான்கு சக்கரக் காலோடு ஓர் ஏ320 தென்பட்டால் குழம்ப வேண்டாம். இந்தியன் ஏர்லைன்ஸ் 1989 முதல் வாங்கிய ஏ320-கள், வலுக்குறைந்த ஓடுபாதைகளையும் தாங்கும்படி அப்படி அமைக்கப்பட்டவை.

சென்னையில் பறங்கிமலை உச்சியிலிருந்து விமான நிலையம் நன்றாகத் தெரியும். விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். அதனால் கிளம்புமுன் காற்றின் திசையைப் பாருங்கள். 8x42 பைனாகுலர் போதும். படம் எடுப்பதானால் 300 மி.மீ. லென்ஸ், 1/1000 நொடி. காலை 9 மணிக்குள் எடுங்கள். பிறகு தரைவெப்பம் அலையடித்து, தூரத்து விமானத்தின் கதவும் எழுத்தும் கலங்கிவிடும். ராணுவம் பயன்படுத்தும் தளங்களின் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது.

பறக்கும் விமானங்களின் விவரம் காட்டும் கைபேசிச் செயலியைத் திறக்குமுன் உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதுங்கள், எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னீர்கள் என்பதோடு. பிறகு பின்னுடலில் உள்ள பதிவெண்ணை வைத்துச் சரிபாருங்கள். இந்திய விமானமானால் விடி என்று தொடங்கும். இலங்கைக்கு 4ஆர், சிங்கப்பூருக்கு 9வி, மலேசியாவுக்கு 9எம். ஊகம் தவறியிருந்தால், உங்களை ஏமாற்றிய அடையாளத்தின் கீழே கோடிட்டு வையுங்கள்.