பழைய கதவுப் பூட்டுக்குப் பொருத்தமான மாற்று தேடுவது எப்படி?

பூட்டு மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் கைப்பிடியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். கடையில் அச்சு அசலாக அதே கைப்பிடி கிடைக்கும். வீட்டுக்கு வந்தால் பொருந்தாது. பொருந்த வேண்டியது மரத்துக்குள் மறைந்திருக்கும் பெட்டி, அதாவது பூட்டின் உள்பாகங்கள் இருக்கும் உலோகக் கூடு. அதனால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

முதலில் வகை. கதவின் விளிம்பில் நீளமான தகடு மட்டும் தெரிந்தால், அது மரத்தைக் குடைந்து இறக்கிய மார்ட்டைஸ் பூட்டு. பெட்டியே கதவின்மேல் திருகப்பட்டிருந்தால் ரிம் பூட்டு.

அடுத்து, கழற்றுவது. திருகின் பள்ளத்தில் பெயின்ட் அடைத்திருக்கும். கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். தகட்டைச் சுற்றியும் பெயின்டைக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை பட்டையாக உரிந்து வரும். கைப்பிடிகளையும் அவற்றை இணைக்கும் சதுரக் கம்பியையும் எடுத்தபின் பெட்டியை வெளியே இழுங்கள்.

இப்போது அளவு. எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். இரண்டு அளவுகளில் சமரசமே கூடாது. ஒன்று, விளிம்புத் தகட்டின் வெளிமுகத்திலிருந்து சாவித் துளையின் மையம் வரை உள்ள தூரம். இன்னொன்று, சதுரக் கம்பித் துளையின் மையத்துக்கும் சாவித் துளையின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம். பல பூட்டுகளில் இது 57 மி.மீ. இவை மாறினால் கதவில் புதிதாக ஓட்டை போட வேண்டிவரும், பழைய ஓட்டையும் அப்படியே தெரியும். பெட்டி கொஞ்சம் சிறிதாக இருந்தால் பரவாயில்லை, மரத்துண்டு வைத்து அடைத்துக்கொள்ளலாம்.

சதுரக் கம்பியின் பக்கத்தையும் அளந்துவிடுங்கள். 8 மி.மீ. என்று நினைத்தது 7 ஆக இருந்தால் கைப்பிடி லொடலொடவென்று ஆடும். தகட்டின் நீள அகலம், கதவின் தடிமன், நாக்கின் (கதவைச் சாத்தும்போது நிலைச்சட்டத்தில் போய் மாட்டும் துண்டு) சரிவு எந்தப் பக்கம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் உலோகம். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்தான். ஒட்டாவிட்டால் பின்புறம், கண்ணில் படாத இடத்தில் லேசாகக் கீறிப் பாருங்கள்: மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறமானால் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் தகட்டிலோ பெட்டியிலோ பொறித்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், கம்பி பிரஷ் வேண்டாம்.

கடைக்குப் போகும்போது குறிப்போடு பூட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதற்கு முன் பெட்டியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். பல நேரம் உடைந்தது ஒரு ஸ்பிரிங்காக மட்டுமே இருக்கும். மூடியை மெதுவாகத் தூக்குங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும்.