ஓர் உவமையை எழுதிப் பழகுவது எப்படி?

அணி இலக்கணத்தைப் பள்ளியில் பெயர்களாக மனப்பாடம் செய்தவர்கள் பலர், எழுத உட்காரும்போது அவற்றில் ஒன்றைக்கூடப் பயன்படுத்துவதில்லை. தண்டியலங்காரம் என்னும் அணி இலக்கண நூல் கூறும் முப்பத்தைந்து பொருளணிகளையும் தொடக்கத்திலேயே கற்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அதை அணி அணியாக மாற்றி எழுதிப் பார்த்தாலே ஒவ்வொன்றின் இயல்பும் கைக்குப் பிடிபடும்.

முதலில் சொல்ல வந்ததை எந்த அலங்காரமும் இன்றி எழுதிக்கொள்ளுங்கள். "தாத்தாவுக்குச் சட்டெனக் கோபம் வரும், உடனே தணிந்துவிடும்." இந்த வாக்கியத்தையே கடைசிவரை வைத்துக்கொள்வோம்.

அடுத்தது பொதுத்தன்மையைத் தேடுவது. தொடக்கநிலையினர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது என்பதால், இங்கே சற்று நிதானிக்க வேண்டும். உவமை எதன் அடிப்படையில் தோன்றும் என்பதற்குத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்கைக் காட்டுகிறது. புலிபோலப் பாய்ந்தான் என்பதில் ஒத்திருப்பது செயல். மழை போன்ற கை என்பதில் விளையும் பயன். துடி (உடுக்கை) போன்ற இடை என்பதில் வடிவம். பவளம் போன்ற வாய் என்பதில் நிறம். நம் வாக்கியத்தில் ஒப்பிட வேண்டியது கோபத்தின் செயல்: அது விரைந்து எழுகிறது, விரைந்து அடங்குகிறது. கோபம் என்றதும் நெருப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் பற்றிக்கொண்ட நெருப்பு அவ்வளவு எளிதில் அடங்காது என்பதால், முதற்பாதிக்குப் பொருந்தும் அந்த உவமை பிற்பாதிக்குப் பொருந்தவில்லை. அடுப்பில் பொங்கும் பாலோ இரண்டுக்கும் பொருந்துகிறது. முதலில் தோன்றும் உவமையை ஒதுக்கிவிட்டு இரண்டாவதையோ மூன்றாவதையோ எடுப்பது பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து.

இப்போது "போல" என்னும் உவம உருபைச் சேர்த்து எழுதுங்கள். "பொங்கிவரும் பால் ஒரு கை நீரில் அடங்குவதுபோல, தாத்தாவின் கோபம் பேத்தியின் ஒரு சொல்லில் அடங்கிவிடும்." உவமை தேடப் போன இடத்தில் நீரும், அதற்கு ஈடாகப் பேத்தியும் கிடைத்துவிட்டதைக் கவனியுங்கள், முதல் வாக்கியத்தில் அவள் இல்லை. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்னும் குறளிலும் இப்படித்தான், தாங்கும் நிலத்தோடு தோண்டுகிறவரும் வந்து நிற்பதால், இகழ்வாரைப் பொறுத்தல் என்பது கண்முன் காட்சியாகிறது.

பிறகு "போல" என்பதை நீக்கி, இரண்டு தனி வாக்கியங்களாக்குங்கள். "பொங்கும் பாலுக்கு ஒரு கை நீர் போதும். தாத்தாவின் கோபத்துக்குப் பேத்தியின் ஒரு சொல் போதும்." இது எடுத்துக்காட்டு உவமையணி. ஒப்புமையை வாசகரே இணைத்துக்கொள்வதால், கட்டுரைக்கு மிகவும் ஏற்றது.

அடுத்து உருவகம்; ஒன்றை இன்னொன்று போல என்னாமல் அதுவாகவே சொல்வது. தாமரை முகம் என்றால் உவமைத்தொகை, முகத்தாமரை என்றால் உருவகம் என்று படித்திருப்பீர்கள். அந்த வாய்பாட்டை அப்படியே பின்பற்றிக் "கோபப்பால்" என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். எல்லா உவமையும் தொகையாகச் சுருங்க இசைவதில்லை. "தாத்தாவின் கோபம் பொங்கும் பால்; பேத்தியின் சொல் அதில் தெளித்த நீர்" என்று விரித்தே எழுதலாம். இதில் பாதியை மட்டும் உருவகமாக்கி மீதியை விட்டுவிட்டால் அது ஏகதேச உருவகம். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" எனத் தொடங்கும் குறள் பிறவியைக் கடலாக்குகிறது, இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. அந்தத் தெப்பத்தை நாமே மனத்தில் மிதக்க விடுகிறோம்.

கடைசியாகத் தற்குறிப்பேற்றம். இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் எழுதுபவர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது இது. மதுரையின் மதிற்கொடிகள் காற்றில் அசைந்ததை, கோவலனையும் கண்ணகியையும் வர வேண்டாம் என்று கைகாட்டி மறித்ததுபோல் இளங்கோவடிகள் காட்டுகிறார். நம் தாத்தாவுக்கு இப்படி எழுதலாம்: "அவர் எழுந்து போன பின்னும், சொல்லாமல் விட்டதைத் தானே முணுமுணுத்துத் தீர்ப்பதுபோல் கூடத்து ஊஞ்சல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது." ஆள் எழுந்த ஊஞ்சல் ஆடத்தான் செய்யும், அதற்கு நாம் கற்பிக்கும் காரணமே அணி. நிகழவே முடியாத ஒன்றைப் புனைந்தால் இந்த அணியின் நயம் போய்விடும்.

எழுதியதை உரக்கப் படித்துத் திருத்துங்கள். பாலாகத் தொடங்கிய கோபம் அடுத்த வரியில் எரிமலையாக வெடித்திருந்தால் இரண்டில் ஒன்றை நீக்குங்கள். "கடல்போல் கூட்டம்", "மின்னல் வேகம்" போன்ற தேய்ந்த தொடர்கள் வந்திருந்தால் வெறும் "பெருங்கூட்டம்", "மிக விரைவு" என்றே எழுதிவிடுங்கள். பயிற்சிக்கு, பேருந்துக்காகக் காத்திருக்கும் ஒருவரின் பொறுமையின்மையை எடுத்துக்கொண்டு இதே வரிசையில் எழுதிப் பாருங்கள். "முள்மேல் நிற்பதுபோல" என்பதை மட்டும் தொடாதீர்கள்.