வைஃபை டாங்கிளுக்கு ஒரு நீட்டிப்பு கேபிள்

யூஎஸ்பி வைஃபை அடாப்டரை (டாங்கிள்) சிபியூவின் பின்பக்கம் நேராகச் செருகாமல், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மேசைமேல் வையுங்கள். நெட் திணறுகிறது என்று புது ரவுட்டர் வாங்கப் போகுமுன் இதைச் செய்து பார்த்துவிடலாம்.

பின்பக்கம் என்றால் கேபினட்டின் இரும்புத் தகடு சிக்னலை மறைக்கும். அதைவிடத் தொல்லை, பக்கத்தில் இருக்கும் யூஎஸ்பி 3.0 போர்ட் (பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்). அதில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. வைஃபை பேசும் பட்டைகளில் ஒன்று அது. இன்டெல் 2012-லேயே இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. டாங்கிளைச் சற்றுத் தள்ளி வைத்தாலே இரைச்சல் குறையும்.

வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தால் இந்த இரைச்சல் உங்களைத் தொடாது. டிரைவரே (அடாப்டரை இயக்கும் மென்பொருள்) சரியாக ஏறவில்லை என்றாலும் கேபிளால் பயனில்லை, முதலில் அதைப் பாருங்கள். அப்புறம், அடாப்டர் யூஎஸ்பி 3.0 வகை என்றால் கேபிளும் 3.0 ஆக இருக்கட்டும், பழைய 2.0 கேபிளில் இணைப்பு 480 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது.