பெங்களூரில் இயற்கையைக் கவனிக்கப் பழகலாம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

காட்டுயிர் பார்க்க பந்திப்பூருக்கோ நாகரஹொளேவுக்கோதான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். போனால் சந்தோஷம்தான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை ஜீப்பில் போய்வந்தால் கவனிக்கும் பழக்கம் வராது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தைப் பார்த்தால்தான் அது வரும். அல்சூர் ஏரிக்கரை, கப்பன் பூங்கா, ஏன், உங்கள் வீட்டு பால்கனிகூடப் போதும். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் இப்போதைக்கு வேண்டாம்.

1. ஓர் இடத்தைப் பிடியுங்கள்

வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போகக்கூடிய இடமாக இருக்கட்டும். தூரமாக இருந்தால் இரண்டாவது வாரமே விட்டுவிடுவோம். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரை மணி வாக்கில், இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். நாம் வந்ததும் பறவையும் அணிலும் கொஞ்சம் ஒதுங்கும். அசையாமல் இருந்தால் சற்று நேரத்தில் தங்கள் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடும். நடந்துகொண்டே இருப்பவருக்கு இது கிடைக்காது.

2. பெயர் தேடும் முன் எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் நொடியில் பெயரைச் சொல்லிவிடும். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் பெயர் தெரிந்த உடனே கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. அதனால் முதலில் நோட்டு, அப்புறம் போன்.

தேதி, நேரம், வானிலை எழுதுங்கள். பிறகு அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு தடித்ததா, மெலிந்ததா? வால் எப்படி? என்ன செய்துகொண்டிருந்தது? உதாரணத்துக்கு, தலைக்கு மேல் வட்டமிடும் பருந்தின் வாலைப் பாருங்கள். நுனி நடுவில் பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து. நுனி வளைந்து உருண்டிருந்தால் செம்பருந்து. வளர்ந்த செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்ற உடம்பு செங்கல் நிறம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் வானத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

3. காதைப் பழக்குங்கள்

வாரத்துக்கு ஒரு குரல் போதும். அரசமர உச்சியிலிருந்து செப்புப் பாத்திரம் தட்டுவது போல ‘டொங்க், டொங்க்’ என்று சீராக வந்தால் அது செம்மார்புக் குக்குறுவான். ‘குட்ரூ, குட்ரூ’ என்று கேட்டால் அதன் பெரிய உறவினரான பச்சை நிறக் குக்குறுவான். பறவையை வரவழைக்க போனில் அதன் குரலை ஒலிக்க விடாதீர்கள். எல்லைக்குள் போட்டி வந்துவிட்டது என்று பதறி, இரை தேடுவதையும் குஞ்சைக் கவனிப்பதையும் விட்டுவிடும்.

4. கறிவேப்பிலைத் தொட்டியைப் பாருங்கள்

நம் வீடுகளில் எப்படியும் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். இலையில் பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது காமன் மார்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். எச்சம் மாதிரி இருப்பதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. தோல் உரித்து உரித்து வளர்ந்த பிறகு இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அப்போது ஒரு புல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவட்டை மாதிரி இரண்டு கொம்பு நீளும். கூடவே ஒரு நெடி. எறும்பு போன்ற எதிரிகளை விரட்டத்தான் இந்த ஏற்பாடு. ஒருமுறை பார்த்தால் போதும், மறுபடி மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம்.

தினமும் ஒரு படம் வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. புழு தண்டில் பட்டிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அது பச்சையா, பழுப்பா, சுற்றிலும் என்ன நிறம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வருவது பெண்ணாக இருந்தால், இறக்கையில் சிவப்புத் திட்டுகளோடு வேறு இனம் போலவே தோன்றலாம். பறவைகள் தின்ன விரும்பாத, ‘ரோஜா’ என்று பெயர் கொண்ட வேறு வண்ணத்துப்பூச்சி இனங்களின் வேடம் அது. ரசத்துக்கு இரண்டு கொத்து குறைந்தால் குறையட்டும். இந்தக் காட்சியைக் குழந்தைகளோடு பார்த்தே ஆக வேண்டும்.

5. ஒரு மரத்துக்கு நாட்குறிப்பு

புங்கை மரத்தைப் பரிந்துரைக்கிறேன். தெருவுக்குத் தெரு இருக்கிறது. தோட்டக்காரரிடம் கன்னடத்தில் ‘ஹொங்கே’ என்று கேட்டால் காட்டுவார். மாதம் ஒருமுறை ஒரே கிளையைப் படம் எடுங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பழைய இலை கொட்டி, பளபளவென்று இளம்பச்சைத் துளிர் வரும். அடுத்து பூ, பூவைத் தேடி தேனீ. பழைய இலைகளில் வெள்ளைக் கோடு வளைந்து ஓடினால், உள்ளே ஒரு சிறு பூச்சியின் புழு சுரங்கம் போட்டுத் தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

6. அப்புறம் மற்றவர்களோடு

சில மாதம் கழித்து பைனாகுலர் வாங்கலாம். ‘8க்கு 42’ வகை நல்லது: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர்.

செப்டம்பர் வாக்கில் சாம்பல் வாலாட்டி போன்ற வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். நோட்டில் புதுப் பெயர்கள் சேரும். பிப்ரவரியில் நான்கு நாள் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பட்டியலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேரலாம். அடையாளம் தெரியாத பறவையை ஊகித்து எழுதாதீர்கள். தெரிந்தவற்றை மட்டும் எண்ணிக்கையோடு போடுங்கள், காக்கையையும் சேர்த்து.